சமுத்திரத்தின் பத்து சென்டிமீட்டர்

"அசையாத. மூச்சு விடாத."

"கையத்தான அளக்குதீய? மூச்ச எதுக்கு நிறுத்தச் சொல்லுதீய?" என்று கேட்டாள் ஆனந்தவல்லி.

சமுத்திரம் டேப்பை உதறிப் பிரித்தார். ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரைக் கட்டிக்காத்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்குத் திரும்பியவர் அவர். அளக்கும்போது பேசினால் அளவு கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. மனைவியின் இடது கையைச் சுற்றி டேப்பைப் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடியும் ஏற்றினார்.

"இருபத்தேழரை!"

போன ஞாயிற்றுக்கிழமை இருபத்தேழு. அதற்கு முந்தைய ஆறு ஞாயிறும் இருபத்தேழு. எல்லாம் நோட்டில் பச்சை மையில் எழுதியிருக்கிறது. இன்றைக்கு அவர் சிவப்புப் பேனாவைத் தேடினார்.

அரை சென்டிமீட்டருக்கா இவ்வளவு அமர்க்களம் என்று நினைக்கக் கூடாது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆனந்தவல்லிக்கு மார்பில் புற்றுக்கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அப்புறம் கீமோ, அப்புறம் கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு. எல்லாவற்றையும் தாண்டி வந்துவிட்டாள். ஆனால் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் நீர் தேங்கி வீங்க வாய்ப்பு உண்டு என்றும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அடக்கிவிடலாம் என்றும் சொல்லியிருந்தாள், ஸ்ரீவில்லிபுத்தூரில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கும் சத்யப்பிரியா.

"வாரம் ஒருக்கா அளந்து பாருங்க சார். முழங்கை மடிப்புலருந்து பத்து சென்டிமீட்டர் மேல. ரெண்டு கையையும் அளக்கணும். இந்தக் கை மட்டும் ரெண்டு சென்டிமீட்டர் ஏறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வந்துருங்க."

நல்ல கையை அளப்பது வெட்டி வேலை என்று சமுத்திரம் முதல் வாரமே தீர்மானித்துவிட்டார். அந்தப் பத்து சென்டிமீட்டருக்கும் அவர் டேப்பைத் தொடுவதில்லை. அவருடைய இடது கை விரல் ஐந்தையும் நெருக்கி வைத்தால் குறுக்கே சரியாகப் பத்து. ஸ்டோரில் கம்பளி, கித்தான், கயிறு எல்லாவற்றையும் அந்த விரல்கடையால் அளந்தே காலத்தை ஓட்டியவர். ஒரு ஆடிட்டிலும் மாட்டியதில்லை. முழங்கை மடிப்பில் ஐந்து விரலையும் பதித்து, அதற்கு மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் டேப்பைச் சுற்றுவார்.

"வெரல்ல என்ன இம்புட்டுப் பெரிய கட்டு?" என்றாள் ஆனந்தவல்லி.

"நேத்து வெண்டிக்கா நறுக்கையில லேசாப் பட்டுருச்சு."

லேசாகப் பட்டதற்கு அரை ரோல் துணி சுற்றியிருந்தார். கட்டுப் போட்டால் முழுசாகப் போட வேண்டும் என்பது பட்டாளத்துப் பழக்கம். ஆள்காட்டி விரல் கொழுக்கட்டை போல இருந்தது.

"ஒங்கள யாரு நறுக்கச் சொன்னது?"

"தேருக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கு. கத்தி ஒன் கையில பட்டா என்னட்டி ஆவுறது?"

அதுதான் விஷயம். கீமோ ஏறிக்கொண்டிருந்த நாட்களில், சோற்றைக் கண்டாலே குமட்டிய ஒரு மத்தியானத்தில், ஆனந்தவல்லி ஆண்டாளிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்து எழுந்தால் ஆடிப்பூரத்துக்குத் தேர் வடத்தை இரண்டு கையாலும் பிடிக்கிறேன் என்று. போன ஆடியில் கரண்ட் வைத்து உடம்பு ஓய்ந்து கிடந்தது. இந்த ஆடிக்கு, போன வாரம்தான் சத்யப்பிரியா சம்மதித்தாள். "ஸ்லீவ் மாட்டிக்கோங்க, கூட்டம் நெரிக்காத எடமாப் பாருங்க, இழுக்காம சும்மாப் பிடிங்க. ஆனா கை வீங்கியிருந்தா கெடையாதுக்கா." ஸ்லீவ் என்பது மணிக்கட்டிலிருந்து தோள் வரை கையைக் கவ்விப் பிடிக்கிற உறை. அதற்குத் தோதாக அரக்கு நிறத்தில் ஒரு சுங்குடிச் சேலையும் வாங்கி வைத்துவிட்டாள்.

"எனக்குக் கை பாரமா இல்ல, இறுக்கமா இல்ல. ஸ்லீவ்கூட எப்பவும் போலத்தான் ஏறுது" என்றாள்.

"நோட்டு பொய் சொல்லாது" என்றார் சமுத்திரம். "இன்னைலருந்து அடுப்படி, துணி, தண்ணி எல்லாம் என் பொறுப்பு. நீ உக்காரு."

ஆனந்தவல்லி உட்கார்ந்தாள். டம்ளரை எடுக்கப் போனால் "வை!" என்றார். தலை வாரப் போனால் சீப்பைப் பிடுங்கி அவரே வாரிவிட்டார். வகிடு காதுக்கு மேலே போனது. சத்யப்பிரியா சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யலாம் என்று சுவரில் விரலை ஊன்றி மெல்ல மெல்லக் கையை மேலே ஏற்றினாள். அதற்கும் தடை வந்தது.

"அதுதான் வீக்கத்தக் கெளப்புதோ என்னமோ. வேண்டாம்."

"அது வீங்காம இருக்கச் செய்யுததுங்க!"

"தேர் முடியட்டும். பொறவு செவுரு பூரா ஏறு."

திங்கட்கிழமை அடிபம்பில் தண்ணீர் அடித்ததில் மோதிர விரலில் கொப்புளம். கட்டு. புதன்கிழமை தோசைக்கல்லை மேடை மாற்றி வைத்ததில் நடுவிரல் வெந்தது. மருந்து தடவி, அதற்கு மேல் பஞ்சு வைத்து, அதற்கு மேல் கட்டு. அடுத்த வீட்டு மாரிச்செல்வி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, கொடியில் சேலையைப் பிழிந்து போடும் ஹவில்தாரைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"மதினி, அண்ணன ஒரு வாரத்துக்கு எங்க வீட்டுக்கு அனுப்புவியளா?"

"கட்டுத்துணி வாங்கி ஒனக்குக் கட்டுப்படியாகாது, பேசாமப் போ" என்றாள் ஆனந்தவல்லி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சமுத்திரம் முழங்கை மடிப்பில் விரல்களைப் பதித்தார், புள்ளி வைத்தார், டேப்பைச் சுற்றினார்.

"இருபத்தெட்டே கால்!"

ஆனந்தவல்லி முதல் தடவையாகத் தன் கையைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தாள். இத்தனை உட்கார்ந்தும் ஏறுகிறதே? சமுத்திரத்துக்கோ தன் வேலையில்தான் எங்கோ குறை என்று பட்டது. இனி ஒரு கொசு, ஒரு எறும்பு அந்தக் கைப்பக்கம் வரக் கூடாது என்று வீட்டைச் சுற்றி ரோந்து போனார். அப்போதுதான் துணி காயப்போடும் கொடிக்கு மேலே, சன்ஷேடின் அடியில் குளவிக்கூடு ஒன்று கண்ணில் பட்டது.

"அது அங்க மூணு மாசமா இருக்கு. ஒண்ணும் செய்யல" என்றாள் ஆனந்தவல்லி.

"ஒன் கையில கொட்டினா?"

"நான்தான் கொடிப் பக்கமே போறதில்லையே! நீங்கதான துணி காயப்போடுதீய!"

நியாயமான பேச்சுதான். ஆனால் சமுத்திரம் அதற்குள் ரெயின்கோட்டை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி, தென்னை விளக்குமாறோடு போருக்குக் கிளம்பிவிட்டார். ரெயின்கோட் முழங்கால் வரை மறைத்தது. முகத்தைத் துண்டு மறைத்தது. ஏணியைப் பிடித்த இடது கையை எதுவும் மறைக்கவில்லை. கட்டுப் போடாமல் மிச்சம் இருந்த கட்டை விரலையும் சுண்டு விரலையும் குளவிகள் தேடிக் கண்டுபிடித்தன.

ஆனந்தவல்லி சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "கொட்டினதுக்குத் தடவுதேன், காட்டுங்க."

"நீ ஓடாத! கைய வீசாத!" என்று ஏணியில் இருந்தே கத்தினார் அவர்.

டாக்டரிடம் போய் ஊசி போட்டு வந்தும், அந்த இரண்டு விரல்களும் புசுபுசுவென்றுதான் இருந்தன. சளைக்காமல் அதற்கும் தனித்தனியாகக் கட்டுப் போட்டுக்கொண்டார். அந்தக் கையோடே வாரம் முழுக்கச் சமைத்தார், துவைத்தார், பெருக்கினார். வலி இல்லையா என்று கேட்டால், "எல்லையில நின்னவனுக்கு இதெல்லாம் ஒரு வலியா?" என்றார். எல்லையில் அவர் ஸ்டோருக்குள்தான் நின்றார் என்பதை ஆனந்தவல்லி சொல்லிக்காட்டவில்லை.

மூன்றாவது ஞாயிறு. தேருக்கு மூன்றே நாள்.

"இருபத்தொம்பது" என்றார் சமுத்திரம். இந்தத் தடவை சத்தமே வரவில்லை. நோட்டில் எழுதவும் பேனா எடுக்கவில்லை.

இரண்டு சென்டிமீட்டர் ஏறிவிட்டது. ஆனந்தவல்லி எழுந்து போய், கட்டில் மேல் எடுத்து வைத்திருந்த சுங்குடிச் சேலையை மடிப்புக் கலையாமல் பீரோவுக்குள் வைத்துச் சாத்தினாள். அதைப் பார்த்ததும் சமுத்திரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில், சிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. அவளுக்காக அங்கே செய்ய ஒன்றுமே இல்லாமல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார். அதனால்தான் இந்த டேப், இந்த நோட்டு எல்லாம். அதிலும் தோற்றுவிட்டோமே என்று இருந்தது.

"அழாதீய" என்றாள் அவள். "எனக்காக அடுப்பெல்லாம் பத்த வச்சிய. ஆண்டாளுக்குத் தெரியாதா? அடுத்த ஆடிக்குப் பிடிச்சாப் போச்சு."

"நாளைக்கு மொத பஸ்ஸுல போறோம்" என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு. மூக்கைத் துடைக்க அந்தக் கட்டுப் போட்ட கை வசதியாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் வேறு வினை. கையை உயர்த்தி வைத்திருந்தால் நீர் வடியும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்த ஆனந்தவல்லியின் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார் சமுத்திரம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு பஸ்ஸை ஓரம் கட்டினார்.

"யக்கா, எறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல, போங்க."

அரை கிலோமீட்டர் போனதும் பஸ் மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது கண்டக்டர் பக்கத்தில் வந்தார். "ஐயா, கைய எறக்கச் சொல்லுங்க. இல்ல, வில்லிபுத்தூர் போயிச் சேர தேரே முடிஞ்சிரும்."

தேர் என்ற சொல் காதில் விழுந்ததும் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கை இறங்கியது. பஸ் ஒழுங்காகப் போனது.

கிளினிக்கில் சீட்டு எழுதும் முத்துப்பேச்சி, "யாருக்கு? என்ன தொந்தரவு?" என்று கேட்டாள்.

"ஆனந்தவல்லி. கை வீக்கம்" என்றார் சமுத்திரம். "கீழ ஒரு வரி எடம் விடும்மா. தேர் வடம் பிடிக்கலாமா கூடாதான்னு மேடம் எழுதித் தரட்டும். கூடாதுன்னு எழுதுனா, அதக் கொண்டுபோய்ச் சந்நிதியில வச்சு மன்னிப்புக் கேட்டுக்கிடுதோம்."

முத்துப்பேச்சி எழுதிக்கொண்டாள். அப்படி எழுதிக்கொண்டே அவர் கையையும் ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் சொன்னதை மட்டும் எழுதுகிற பெண் அவள்.

சத்யப்பிரியா ஆனந்தவல்லியின் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள். தோலை அமுக்கிப் பார்த்தாள். டேப்பை வைத்துப் பத்து சென்டிமீட்டருக்குப் புள்ளி வைத்து, அளந்தாள். மறுபடி அளந்தாள். அப்புறம் சிரித்தாள்.

"இடது இருபத்தேழு. வலது இருபத்தேழுக்கு ஒரு நூல் கம்மி. வீக்கமே இல்லக்கா! புதன்கிழமை தாராளமா வடம் பிடிங்க."

ஆனந்தவல்லி "ஆண்டாளே!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். இந்த இரண்டு வாரத்தில் அந்தக் கை, அவர் தூக்கிப் பிடிக்காமல் தானாகவே இவ்வளவு உயரம் போனது அப்போதுதான்.

சமுத்திரம் மட்டும் அசையவில்லை. "அதெப்படி மேடம்? இருபத்தேழரை, இருபத்தெட்டே கால், இருபத்தொம்பது. வாராவாரம் ஏறியிருக்கு. இத்தனைக்கும் ஒரு வேலை செய்ய விடல. டம்ளரத் தொட விடல. எக்ஸசைஸக்கூட நிறுத்தி வச்சேன்."

"எக்ஸசைஸ நிறுத்துனீங்களா!" சத்யப்பிரியாவின் சிரிப்பு போய்விட்டது. "யாரு சார் ஒங்களுக்கு அப்படிச் சொன்னது? அந்தக் கை தினமும் ஆடி ஓடி வேலை செய்யணும். சும்மா வச்சாத்தான் கெடுதல். இன்னைக்கே ஆரம்பிக்கணும்க்கா."

"நல்லாக் கேளுங்க" என்றாள் ஆனந்தவல்லி.

"செய்யட்டும் மேடம். ஆனா என் அளவு எப்படித் தப்பும்?" சமுத்திரத்துக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. "இருபத்திரண்டு வருஷ சர்வீசுல என் அளவு தப்புனதே இல்ல."

"சரி சார். வீட்டுல எப்படி அளக்குறீங்களோ, அப்படியே அளந்து காட்டுங்க."

சமுத்திரம் கம்பீரமாக முன்னால் வந்தார். இடது கையை நீட்டினார். வெண்டைக்காய்க் கட்டு, தோசைக் கட்டு, அடிபம்புக் கட்டு, இரண்டு பக்கமும் குளவிக் கட்டு. ஐந்து விரல்களையும் நெருக்கி ஆனந்தவல்லியின் முழங்கை மடிப்பில் பதித்தார். அந்தக் கை அவள் புஜத்தில் முக்கால்வாசியை மூடிக்கொண்டது. அதற்கும் மேலே, கிட்டத்தட்ட தோளுக்குப் பக்கத்தில், அவர் பேனாவால் அழுத்தமாகப் புள்ளி வைத்தார்.

"இதோ. சரியாப் பத்து சென்டிமீட்டர்!"

சத்யப்பிரியா அந்தப் புள்ளியைப் பார்த்தாள், பிறகு அவர் விரல்களைப் பார்த்தாள். ஆனந்தவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாசலில் சீட்டும் பேனாவுமாகக் காத்துக்கொண்டிருந்த முத்துப்பேச்சி மெதுவாகக் கேட்டாள்:

"மேடம், சீட்டுல அக்கா பேர அடிச்சிட்டு சார் பேர எழுதி, 'வடம் பிடிக்கக் கூடாது'ன்னு போட்டுரவா? வீங்கிக் கெடக்கது அவிய கைல்லா!"