கூரைக்குக் கீழே வராத அப்பீல் அண்ணன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தயங்கிய காலத்துக்குள் என் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளையும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்மன் சன்னதிப் பக்கம் குங்குமக் கடை வைத்துப் பிழைத்தவன். பொட்டலம் மடிக்கத் தெரியும், வாக்கியம் மடிக்கத் தெரியாது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. இவரைப் பற்றி வாய் திறந்தவர்கள் எல்லாரும் கேலி செய்யவே திறந்தார்கள். நானும் அந்தக் கும்பலில் சேர்ந்துவிடுவேனோ என்று பயம். இன்று காலையில் மீனாட்சி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவர்தான்.

வெள்ளைக்காரன் காலத்து மதுரையில் யார் எந்தத் தீர்ப்புச் சொன்னாலும் அதை ஏற்காத ஒரே ஆள் எங்கள் சந்தில் குடியிருந்த அப்பீல் அண்ணன்தான். சொன்னது கலெக்டராக இருந்தாலும் சரி, கறிவேப்பிலை விற்கிறவளாக இருந்தாலும் சரி. நாவிதர் "முடிஞ்சது, எந்திரிங்க" என்றால், "அது உன் முடிவு. நான் அப்பீலு. காதுக்குப் பின்னாடி பாரு" என்பார். காப்பிக் கடையில் "சட்னி தீந்துபோச்சுண்ணே" என்றால் அடுக்களை வாசல் வரைக்கும் போய், வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்து மேல்விசாரணை நடத்துவார். அவர் அப்பீல் செல்லுபடியாகாத இடம் ஒன்றுதான். "கொழம்புக்கு உப்பு சரியாத்தேன் இருக்கு. உங்க அப்பீலை எல்லாம் வாசலுக்கு அங்குட்டு வச்சுக்கங்க" என்று அவர் சம்சாரம் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. அந்த அம்மாளை நான் மதினி என்று கூப்பிடுவேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அப்பீல் என்ற வார்த்தையை வக்கீலிடம் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பேர் போய்விட்டது.

வக்கீலிடம் போக வேண்டி வந்தது இப்படி. அண்ணன் ஒரு பஞ்சு மில்லில் கிட்டங்கி வேலை பார்த்தார். எந்த மில் என்று எழுத மாட்டேன். அந்தச் சரக்கறையில் பஞ்சுப் பேல்களை, அதாவது இறுக்கிக் கட்டிய பொதிகளை, கூரை முட்ட அடுக்கியிருப்பார்கள். ஒரு நாள் உச்சிப் பேல் ஒன்று சரிந்தது. முழுசாக விழுந்திருந்தால் நான் எழுத இன்று ஒன்றுமே இருந்திருக்காது. ஓரம் பட்டதிலேயே வலது தோள் பெயர்ந்துவிட்டது. புத்தூர்க் கட்டு, ஆஸ்பத்திரிக் கட்டு எல்லாம் போட்டும் அந்தக் கை மார்புக்கு மேலே ஏற மறுத்துவிட்டது.

தோள் வெளியே தெரிந்தது. தெரியாமல் இன்னொன்றும் உடைந்திருந்தது. தலைக்கு மேலே எதுவும் இருக்கக் கூடாது அவருக்கு. கூரை, பந்தல், பல்லக்கு, பால்கனி எதுவானாலும் வியர்த்து, கால் நடுங்கி, மூச்சு முட்டும். படுக்கை முற்றத்துக்கு வந்தது. தெருவில் வீட்டு ஓரமாக நடக்க மாட்டார், நட்ட நடுவில்தான் நடப்பார். பின்னால் ஜட்காக்காரன் கத்துவான்.

"யோவ், ஒதுங்குய்யா! ரோட்டை உங்கப்பன் எழுதி வச்சானா?"

"உன் வண்டி முன்னாடி வரும், பாத்து வெலகிருவேன். வீட்டு ஓடு மேலருந்து வரும், நீயா வந்து சொல்லுவ?"

மழை வந்தால் குடை பிடிப்பார். "குடை மட்டும் தலைக்கு மேல இல்லையாண்ணே?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அது என் கையில இருக்கு மாப்ள. நான் புடிச்சிருக்கிறது என் மேல விழுகாது. அடுத்தவன் அடுக்கி வச்சதுதேன் விழுகும்."



இதிலெல்லாம் சிரிக்கலாம். கோயில் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வராது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனைப் பார்த்தவர், கோபுர வாசலுக்குள் கால் வைக்க முடியாமல் தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். அவ்வளவு கல் தலைக்கு மேலே. நானே கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். குழந்தை மாதிரி நடுங்கினார். அன்றோடு இழுப்பதை விட்டுவிட்டேன்.

வேலையில் அடிபட்டால் கம்பெனி ஈடு கொடுக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. மில்காரர்கள், தோள் பழைய கோளாறு என்றார்கள். பயம் வெறும் நடிப்பு, வேலைக்கு வரச் சோம்பல் என்றார்கள். அந்த இரண்டாவது சொல் அண்ணனுக்குள் போய்த் தைத்துவிட்டது. கருப்புக் கோட்டு இன்னும் வெளுக்காத ஒரு சின்ன வக்கீலைப் பிடித்தார். தோளுக்கு ஒன்று, பயத்துக்கு ஒன்று என்று இரண்டு கோரிக்கை போடச் சொன்னார்.

"பயத்துக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க" என்றார் வக்கீல்.

"குடுக்கலைன்னா போகுது. பொய்யின்னு சொன்னாகல்ல, அதை எடுக்கணும்."

முதல் விசாரணையில் தோற்றார். தோற்ற காரணம் உலகத்தில் வேறு எவனுக்கும் வாய்த்திருக்காது. நஷ்டஈட்டுக் கமிஷனர் ஆபீஸ் ஓட்டுக் கட்டடம். அண்ணன் வெளி முற்றத்தில் வெயிலில் நின்றார். உள்ளே டவாலிச் சேவகன் மூன்று தடவை பேர் சொல்லிக் கூவினான். அண்ணன் மூன்று தடவையும், "இந்தா இருக்கேன்! சத்தமாக் கேளுங்க, சொல்றேன்!" என்று முற்றத்திலிருந்தே பதில் கொடுத்தார். கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொன்னால் ஆஜர் ஆனதாக அர்த்தம் என்பது அவர் எண்ணம். வக்கீல் கெஞ்சினார், வேட்டியைப் பிடித்து இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதித் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

"தெருக் கோடி வரைக்கும் கேட்டுச்சு என் குரலு! ஆஜராகலையாம்ல!" என்று சந்து முழுக்கக் கத்தினார். "இனி என்ன வழி?" என்று வக்கீலைக் கேட்டார். அப்போதுதான் வக்கீல் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. அப்பீல். அண்ணன் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கற்கண்டு வாயில் போட்ட மாதிரி முகம் மாறிவிட்டது.

அப்பீலில் மறுபடி விசாரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்குள் சித்திரைத் திருவிழாவும் வந்தது.

மற்ற சாமியைப் பார்க்க நாம் கூரைக்குள் போக வேண்டும். அழகர் அப்படி இல்லை, ஆற்றுக்கு வருகிறார். மேலே ஆகாசத்தைத் தவிர ஒன்றும் கிடையாது. விபத்துக்கு அப்புறம் அண்ணன் பக்கத்தில் போய்ப் பார்க்க முடிந்த ஒரே சாமி அவர்தான். அதனால் வக்கீல் ஓடி வந்து, "இந்த வருஷம் ஆத்துக்குப் போகாதீங்க. மில் டைம்கீப்பர் உங்களை வேவு பாக்குறான். கையைத் தூக்கினீங்கன்னா கேஸ் போச்சு" என்று சொன்னபோது அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேஸு போனா அப்பீலு இருக்கு. அழகரு போனா அடுத்த வருசந்தேன் வருவாரு."

விடியற்காலை. ஆற்று மணலில் எள் போட்டால் எடுக்க முடியாத கூட்டம். அண்ணன் கையில் சர்க்கரை நிறைத்த சொம்பு. வாயை வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி அழகருக்குக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். மதினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கொஞ்ச தூரத்தில் டைம்கீப்பர், எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். தங்கக் குதிரை தெரிந்ததும் ஆறே "கோவிந்தா!" என்றது. அண்ணன் இடது கையால் சொம்பைத் தூக்கினார். வலது கை ஏறவில்லை.

"மாப்ள, புடிச்சுத் தூக்கு!"

"அண்ணே, அந்தா அவன் பாக்குறான்!"

"அழகரும் பாக்குறாருல்ல! சாமிக்கு ஒத்தக் கையாலயா காட்டுவாக? தூக்குய்யா!"

முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்து நெம்பினேன். அண்ணன் போட்ட 'கோவிந்தா' அழகர்மலைக்கே எட்டியிருக்கும். சூடம் வழிந்து என் உச்சந்தலையில் சொட்டியது. நானும் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எங்களுக்கு அருள் வந்துவிட்டது என்று வழிவிட்டார்கள்.

அடுத்த விசாரணைக்குப் புதுக் கமிஷனர். வாசலில் தகராறு தொடங்குவதற்குள் அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, தாழ்வாரத்து விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கமிஷனர் நிழலில், அண்ணன் வெயிலில். டைம்கீப்பர் கூண்டில்லாமல் நின்று சாட்சி சொன்னான்.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குனாருங்க. என் கண்ணால பாத்தேன். சந்தோசமாக் கத்துனாரு."

"வலது கை தானா மேல போச்சா?" என்று கேட்டார் வக்கீல்.

டைம்கீப்பர் பொய் பேசப் பழகாதவன். கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "முழங்கைக்குக் கீழ இன்னொரு கை இருந்துச்சுங்க."

"யார் கை?"

"ஆளு மொகம் தெரியலைங்க, கூட்டம். கை மட்டும் செக்கச் செவேல்னு இருந்துச்சு."

அண்ணனோடு கூட வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். குங்குமம் அளந்து அளந்து ஊறிய சிவப்பு, எந்தச் சோப்புக்கும் போகாது. கமிஷனர் என் கையைப் பார்த்தார், டைம்கீப்பரைப் பார்த்தார்.

"அவர் சந்தோஷமாகக் கத்தினார் என்கிறாரே?" என்று என்னைக் கேட்டார்.

"அது வலிங்க எசமான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். காலையில்தான் சாமி கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன், பாதி உண்மை சொல்ல மனசு வரவில்லை. "கொஞ்சம் சந்தோசமும் இருந்துச்சுங்க. அழகரு வந்தாருல்ல."

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். கமிஷனர் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

தோள் வழக்கு எங்கள் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும், மில்லிலிருந்து ஒரு குமாஸ்தா அண்ணன் வீட்டுக்கே வந்தார். தோளுக்கு உள்ளதைத் தகராறு இல்லாமல் கொடுத்துவிடுகிறார்களாம். பயம் என்று சொன்னது பொய் என்று மட்டும் கைநாட்டு வைத்தால் போதுமாம். வீட்டில் அடுப்பு எரிவதே சந்தேகமான நாள் அது. அண்ணன் வாயைத் திறப்பதற்குள் மதினி வந்து நின்றாள்.

"பொய்யிங்கிறீகளா? ராத்திரி மழையிலயும் குடையைப் புடிச்சுக்கிட்டு முத்தத்துலயே உக்காந்திருக்க மனுசனை நான்ல பாக்குறேன். நீங்க ஒரு ராத்திரி அவருக்குப் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு அப்புறம் பொய்யின்னு எழுதுங்க. காப்பி குடிக்கிறீகளா, இல்ல இப்படியே வாரேன்னு கெளம்புறீகளா?"

குமாஸ்தா காப்பி குடிக்கவில்லை.

தோளுக்கு ஈடு உண்டு, பயத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்று கமிஷனர் தீர்ப்புச் சொன்னார். வேறு எவனாக இருந்தாலும் அதோடு விட்டிருப்பான். அண்ணன் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சென்னைப் பட்டணத்து ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் போட்டார். தானும் வருவதாகக் கிளம்பி ரயிலடிக்குப் போய், நிலக்கரி வண்டியில் கூரை இல்லை, அதில் ஏற்றுங்கள் என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் வாதாடினார். அவர் மறுத்ததும் அங்கேயும் அந்த வார்த்தையைச் சொன்னார். கடைசியில் வக்கீல் தனியாகப் போனார்.

வக்கீல் திரும்பி வந்த அன்று சந்தே கூடி நின்றது. அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"தள்ளிட்டாங்க" என்றார். "சட்டத்துல இடமில்லைன்னுட்டாங்க."

அண்ணன் விடவில்லை. "பயத்தைப் பத்தி என்ன எழுதியிருக்காக? அதைப் படிங்க."

வக்கீல் காகிதத்தைப் புரட்டி, இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொன்னார். "இந்த ஆள் மெய்யாவே பயப்படுறார், நடிக்கலை, அதுல சந்தேகமில்லை. ஆனா அதுக்கு ஈடு கொடுக்கச் சட்டம் வழி வைக்கலைன்னு..."

"நிறுத்துங்க! மறுபடி படிங்க. அந்த மொத வரியை மட்டும்."

வக்கீல் படித்தார். அண்ணன் நடுத்தெருவில் நின்று மில் இருந்த திசையைப் பார்த்து, "கேட்டுச்சாடா! நடிக்கலையாம்டா!" என்று ஒரு கூச்சல் போட்டார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலம் ஒரு குத்துச்சட்டி நிறையச் சுண்டல் அவித்து, சந்தில் ஒரு வீடு விடாமல் கொடுத்தார்கள். ஹைக்கோர்ட்டில் தோற்றதற்குச் சுண்டல் கொடுத்த குடும்பத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

பயம் கடைசி வரைக்கும் போகவில்லை. நான் எத்தனையோ அர்ச்சனை செய்தும் போகவில்லை. அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, மதினியும் இல்லை.

இப்போது பிள்ளைகள் அவர் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். பட்டணத்தில் ஜெயித்தாராம், மில் முதலாளியே மாலையோடு வந்தாராம், அண்ணன் கோபுர வாசலுக்குள் ராஜா மாதிரி நடந்து போனாராம். அப்படி எதுவும் நடக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதாக இருந்தால், தயவுசெய்து உள்ளபடியே சொல்லுங்கள். நடுங்கினார் என்று சொல்லுங்கள், தோற்றார் என்று சொல்லுங்கள், அப்புறம் சுண்டல் கொடுத்தார் என்று சொல்லுங்கள். ஜெயித்தார் என்று சொன்னால் அது வேறு யாரோ. எனக்கு எங்கள் அண்ணன்தான் வேண்டும்.