ஆட்டோடு வலையில் இறங்கிய அத்தை

எனக்குப் பயம் என்பதே கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை என்னவென்றால், பயப்படும்படியான எந்த இடத்துக்கும் நான் அதுவரை போனதே இல்லை. போர்ட் பிளேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்துகொண்டு, லைன் கிடைக்கவில்லை என்று கத்துகிற அதிகாரிகளைத் திருப்பி அதட்டுவதைத்தான் வீரம் என்று நினைத்திருந்தேன். (கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் எட்டி அடிக்க முடியாது, இல்லையா?)

எழுபதுகளின் தொடக்கம். என் அண்ணனுக்குத் தெற்கே கப்பலில் போகவேண்டிய ஹட் பேயில் காட்டிலாகா வேலை. அவருக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து தீவில் குடியேறிய ஒரு குடும்பத்தில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துக் காய்ச்சலில் போய்விட, மிஞ்சிய இரண்டு பிள்ளைகளை இவர்கள் எடுத்து வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். மூத்தவள் புஷ்பம், பத்து வயது. இளையவன் மணி, ஆறு. பிள்ளைகளை ஒப்படைத்த அதிகாரி ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வந்து பார்ப்பேன், இரண்டு பேரும் வகுப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெயின்லேண்டில் ஏதாவது விடுதிக்கு அனுப்பிவிடுவேன் என்று. அதைக் கேட்ட நாளிலிருந்து மதினிக்குச் சோறு இறங்கவில்லை.

ஹட் பே கடையில் அப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரிய விஷயம். சிலேட்டுக்கு எங்கே போவது? "வேற ஆளுகிட்ட குடுத்தா வந்து சேராது. அவளையே கொண்டாரச் சொல்லுங்க" என்று அண்ணன் கப்பலில் வந்த ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். இதென்ன பிரமாதம் என்று கிளம்பினேன். அபர்தீன் பஜாரில் அலைந்து வெள்ளைச் சட்டைகள், நீலப் பாவாடை, நீல டிராயர், ரப்பர் செருப்பு, சிலேட்டு, குச்சி, நோட்டுகள், குடை, புஷ்பத்துக்கென்று ஒரு பேனாவும் ஒரு புட்டி நீல மையும் வாங்கினேன். எல்லாவற்றையும் ஒரு சின்னத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினேன். வழியனுப்ப வந்த தோழியிடம், கடலெல்லாம் எனக்கு நம்மூர் அலையில்லாத மின்னி பே மாதிரிதான் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

ஹட் பேயில் கப்பல் அணைகிற ஜெட்டி கிடையாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொல்லியிருப்பார்கள். நான்தான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.)

கப்பல் கரைக்கு எட்டாமல் நடுவிலேயே நின்றது. பக்கவாட்டில் ஒரு கயிற்று ஏணியைத் தொங்கவிட்டார்கள். அதற்கு நேர் கீழே ஒரு டுங்கி, அதாவது சின்னப் படகு. ஜூன் மாதக் கடல். அந்தப் படகு ஒரு நேரம் கால் எட்டும் உயரத்துக்கு வரும், அடுத்த நொடி கிணற்றில் விட்ட வாளி மாதிரி எங்கேயோ கீழே கிடக்கும். மேலே வரும்போது கையை விட்டுக் குதிக்க வேண்டும். அவ்வளவுதான் முறை. எனக்கு முன்னால் ஒரு வங்காளிப் பெண் இடுப்பில் குழந்தையோடு, வெற்றிலையை மென்றபடி இறங்கிப் போனாள். அவளைப் பார்த்துத்தான் நான் பின்னால் நின்ற இரண்டு பேருக்கு வழிவிட்டேன்.

பெட்டியைக் கயிறு கட்டித் தனியாக இறக்கித் தருவதாக கப்பலில் வேலை பார்க்கும் ஒரு மூத்த கலாசி சொன்னார். நான் கொடுக்கவில்லை. பெட்டி கடலில் விழுந்தால் பிள்ளைகள் போச்சு என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. முதுகில் கட்டுங்கள் என்றேன். கட்டினார். பாதி ஏணி இறங்கினேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஹாத் சோடோ பெஹன்ஜி! கூதோ!" என்று கலாசி கத்தினார். கையை விடு, குதி என்கிறார். எனக்கு நன்றாகப் புரிந்தது. நானும் விடு விடு என்று விரல்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவை கயிற்றோடு ஒட்டிக்கொண்டு என் பேச்சைக் கேட்க மறுத்துவிட்டன. படகிலிருந்தவர்கள் திட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள், பிறகு வங்காளிப் பெண் எனக்காகச் சாமி கும்பிட ஆரம்பித்தாள். கடைசியில் ஏணியோடு சேர்த்து என்னை மேலே இழுத்துப் போட்டார்கள்.

"ஜால் லாவ்!" என்றார் கலாசி. சரக்கு இறக்கும் வலை வந்தது. அதில் உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஒரு ஆடும் ஏற்கெனவே இருந்தன. கஞ்சி போட்ட கைத்தறிச் சேலையோடு என்னையும் அதில் உட்கார வைத்து, சுருட்டி, படகில் இறக்கக் கிரேனில் தூக்கிவிட்டார்கள். வலை அந்தரத்தில் சுற்றியது. திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். இரண்டாவது முறை சுற்றியபோது அண்ணனுக்கும் சேர்த்து வேண்டினேன். செத்தே போவேன் என்று நிஜமாகவே நம்பினேன். ஆடு மட்டும் நிதானமாக என் முந்தானையைத் தின்றுகொண்டிருந்தது.

கப்பல் வரும் நாளில் ஹட் பேயே கரையில்தான் நிற்கும். காற்றும் கரைப் பக்கம் அடித்ததால் என் குரல் முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சின்னவன் மணி என் அண்ணனிடம், "மாமா, ரெண்டு ஆடு கத்துது" என்றானாம். அண்ணன் எனக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாதவர்போல் திரும்பி நின்றுகொண்டாராம்.

வீட்டில் பெட்டியைத் திறந்தால், மைப்புட்டி உடைந்து இரண்டு வெள்ளைச் சட்டையிலும் பெரிய பெரிய தீவுகள். விடிந்தால் பள்ளிக்கூடம். மதினி ஒரு வாளியில் மிச்ச மையைக் கொட்டி, துணிக்குப் போடும் நீலத்தையும் கரைத்து, சட்டைகளை மொத்தமாக முக்கி எடுத்தாள். "கேட்டா எங்க ஊர் வழக்கம்னு சொல்லிருவோம்" என்றாள். அடுப்புக்கு மேலே கட்டிக் காய வைத்தோம். அண்ணன், மதினி, நான், மூன்று பேர் கையும் முழங்கைவரை நீலம்.

மறுநாள் காலையில்தான் உண்மையான பயம் வந்தது. பள்ளிக்கூடம் என்பது ஒரு நீளக் கொட்டகை. வாசல்வரை ஒழுங்காக வந்த புஷ்பம், அங்கே இருந்த மூங்கில் தூணை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மணி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னம்மா, உள்ள போ" என்றார் அண்ணன்.

"போமாட்டேன் மாமா. அம்மா காச்சல்ல கெடந்தப்ப, பள்ளிக்கூடம்னு சொல்லித்தான் எங்கள லாரியில ஏத்துனாங்க. எறங்குனா கேம்பு. அப்புறம் அம்மாவக் காணவேயில்ல. இப்ப நான் உள்ள போனா, திரும்பி வர்றப்ப நீங்க இருக்க மாட்டீங்க."

மதினி அழுதே விட்டாள். அதிகாரி வருகிற நேரம். அண்ணன் முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார். நான் புஷ்பத்தின் விரல்களைப் பார்த்தேன். கணு வெளுத்துத் தூணோடு ஒட்டிக்கிடந்தன. அவற்றை எனக்குத் தெரியும். யார் விடச் சொன்னாலும் அவை விடா. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வலை கொண்டாரச் சொல்லவா?"

புஷ்பம் நிமிர்ந்து பார்த்தாள். அழுகைக்கு நடுவில் உதடு ஒரு பக்கம் இழுத்தது.

"ஆடும் வருமா?"

"நான் வர்றேன். கூடவே இருக்கேன். என்னயவிடவா நீ கத்திரப் போற?"

அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பிறகு மூன்று பேரும் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடமே வெள்ளைச் சட்டையில் இருக்க, நீலச் சட்டையில் இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் முழங்கை வரை நீலமாக ஒரு முழு மனுஷி. நான் மணியின் சிலேட்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் பெரிய பிள்ளை யாரு?" என்றார் வாத்தியாரிடம்.

முந்தின நாள் வாத்தியாரும் கரையில்தான் நின்றிருந்தார். "நேத்து ஆட்டோட வந்த சரக்கு, சார்" என்றார்.

அதிகாரி சிரித்துவிட்டார். பிள்ளைகளின் தலையைத் தட்டிவிட்டுப் போனார். பிள்ளைகள் எங்களோடேயே இருந்தார்கள். நான் ஊர் திரும்பும்போது யாரும் கேட்பதற்கு முன் நானே வலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யார் எதற்குத் தயங்கினாலும் அந்த வலைக் கேள்விதான். மணி வேலைக்கு இன்டர்வியூ போன அன்றும், புஷ்பம் பிரசவ வார்டு வாசலில் நின்ற அன்றும், அவள் மகள் மணமேடையில் ஏறத் தயங்கிய அன்றும் கேட்டாகிவிட்டது. முக்கால்வாசி நேரம் கேட்டது நான்தான்.

போன வருடம் எனக்குக் கண் ஆபரேஷன். கூட வந்தவள் புஷ்பம். ஹட் பேயில் டீச்சராக இருந்து ரிட்டயரானவள், தலை நரைத்துவிட்டது. தியேட்டர் வாசலில் நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நர்ஸ் கையை விடுங்கம்மா, கையை விடுங்கம்மா என்று கெஞ்சிப் பார்த்தாள். எனக்கு விடத்தான் ஆசை.

புஷ்பம் என் காதோரம் குனிந்தாள். "அத்தை, வலை கொண்டாரச் சொல்லவா?"

"ஆடும் வருமாடி?"

"நான் வர்றேன்ல" என்றபடி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.