டேப்பில் ஆடு உண்டு, நான் இல்லை

திருச்செங்கோடு சிறப்புப் பயிற்சி மையத்து ஜோதி டீச்சர் அவர்களுக்கு, பேச்சு வராத அபிநயாவின் தாத்தா செங்கோட்டையன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். ஆனால் எனக்கு நீங்கள் செய்தது அநியாயம்.

படத்தைத் தொட்டால் பேசுகிற டேப்லெட், அந்த டேப் ஒன்றை என் பேத்தி கையில் கொடுத்து, ஆறு வருடமாக நான் பார்த்துவந்த வேலையைப் பறித்துவிட்டீர்கள். அவள் ஜாடை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரியும். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கற்றேன். மீசை முறுக்குவதுபோல் விரலைத் திருகினால் நான். என் துண்டை இழுத்துத் தெருக்கோடியைக் காட்டினால் ரங்கன் கடைப் போண்டா. "பாப்பா என்ன கேக்குதுங்க மாமா?" என்று மருமகள் தேவிப்ரியா என்னிடம்தான் வந்து நிற்பாள். இப்போது டேப் முந்திக்கொள்கிறது. அதுவும் பெரியவர் சின்னவர் பார்க்காமல், 'தண்ணீர் வேண்டும்' என்று தாசில்தார் மாதிரி.

போன ஞாயிறு, சம்பந்தி முன்னால் பேத்தி என் துண்டை இழுத்தாள். போண்டா கேட்கிறாள் என்றேன். அவள் டேப்பைத் தொட்டாள். 'போண்டா. வேண்டாம். ஆடு. பார்க்க.' ரங்கன் கடையை ஒட்டி மேச்சேரி இனத்து ஆட்டுப் பட்டி இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப ஆறு வருசமா போண்டா யாருக்குங்க மாமா?" என்றாள் மருமகள். சம்பந்தி புரையேறும்வரை சிரித்தார். பிள்ளை கடிக்காமல் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று தின்றேன், அது குற்றமா? மகன் இளஞ்செழியன் அப்போதே அவளைப் பைக்கில் ஏற்றி ஆடு காட்டப் போனான். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் திரும்பியதும் டேப்பை வாங்கித் தேடினேன். அம்மா உண்டு, அப்பா உண்டு, நீங்கள் உண்டு, ஆடுகூட உண்டு. நான் இல்லை.

ஆகவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும். மலைமேல் இருக்கும் சாமி உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும், அம்மணி.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது மகன் மறுபடி பைக்கை எடுத்தான். பேத்தி 'ஆடு' தொட்டாள். 'அப்பா' தொட்டு, 'வேண்டாம்' தொட்டாள். பிறகு என்னிடம் வந்து விரலைத் திருகினாள். டேப்பில் என் படம் இல்லாமல் பிள்ளை வேறென்ன செய்வாள்? எனவே எடுக்க வர வேண்டாம். என் போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்குள் நீங்கள் அதை டேப்பில் ஆட்டுக்கு முன்னால் ஏற்ற வேண்டும். மருமகள் தினமும் சார்ஜ் போட வேண்டும். மகன் பைக் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும். ரங்கன் இனி ஒரு போண்டா மட்டும் கட்ட வேண்டும்.