முள்ளம்பன்றிக்கு உள்ளூர்க் கட்டணம்

மனிதனின் சொந்த வீடு எது என்று ஞானிகள் காடு மலையெல்லாம் அலைந்து தேடினார்கள். பாவம், அவர்களுக்கு மாநில வருமான வரி அலுவலகத்தின் விலாசம் தெரியவில்லை. அங்கே நாலு பக்கத்தில் ஒரு படிவம் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மாரிட் ட்வெட்டன் அங்கே போய் நின்றாள். அமெரிக்காவின் வடகோடியில் கோதுமை வயல்களுக்கு நடுவே பிறந்தவள். மூன்று மாநிலம் தள்ளி வந்து விலங்கியல் படிக்கிறாள். கைச்செலவுக்காக, பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் சின்னமான முள்ளம்பன்றி வேடம் போட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் குதிக்கிறாள். அந்தச் சம்பளத்துக்கு எந்த மாநிலத்தில் வரிக்கணக்குத் தாக்கல் செய்வது என்பதுதான் அவளுடைய கேள்வி.

அதிகாரி எல்வுட் பிங்க்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு 'ஆழ்ந்த விசாரணை'யில் இறங்கினார்.

"பல் டாக்டர் எங்கம்மா?"

"ஊர்ல, சார்."

"நாய்?"

"பிஸ்கட்டும் ஊர்லதான். பதினாலு வயசு. கண்ணு தெரியாது."

"அப்ப நீங்க அங்க இல்லைங்கறதே அதுக்குத் தெரிஞ்சிருக்காது. அதைச் சாட்சியா எடுத்துக்க முடியாது." குறித்துக்கொண்டார். "எட்டாயிரம் பேரு உங்களைப் பாத்து 'நம்ம முள்ளம்பன்றி'ன்னு கத்தறாங்க. 'வெளியூர் முள்ளம்பன்றி'ன்னு யாராச்சும் கத்துனாங்களா?"

"இல்ல சார்."

"அப்புறமென்ன? நீங்க எங்க பொண்ணு."

முத்திரை விழுந்தது. மாரிட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடமாக 'வெளிமாநிலத்தவள்' என்று மூன்று மடங்கு கட்டணம் கட்டி வந்தவள். கடைசி வருடத்துக்கு வழியில்லாமல் மூட்டை கட்டும் யோசனையில் இருந்தவள். தாளை வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகக் கட்டண அலுவலகத்துக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

அங்கே திருமதி க்வேட் அதை இரண்டு முறை படித்தார்.

"நாய் எங்க இருக்கு?"

"நாயைப் பத்தி அவரே விசாரிச்சு முடிச்சிட்டாரு, மேடம்."

"அது வரிக்கு. இது கட்டணத்துக்கு. நாய் இருக்கற இடந்தாம்மா வீடு. தவிர, இதுல முள்ளம்பன்றியை வெச்சுத்தான் உள்ளூர்னு போட்டிருக்கு."

"அது நான்தான்."

"பரீட்சை எழுதறது யாரு?"

"அதுவும் நான்தான்."

"தலையைக் கழட்டிட்டா?"

"ஆமா. அந்தப் பெரிய கையுறையோட பேனா பிடிக்க முடியாதே."

க்வேட் உண்மையாகவே வருந்தினார். "முள்ளம்பன்றி வந்து படிக்கறதுன்னா இப்பவே உள்ளூர்க் கட்டணம் போட்டுத் தர்றேன். நீங்க வெளியூரும்மா."

மாரிட் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். நடுவில் எப்போது அழுகை கலந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அம்மா ஊரிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"நம்ம மாநில வரி ஆபீஸ்லேருந்து கடுதாசி வந்திருக்குடி. நீ இந்த ஊரை விட்டுப் போகவே இல்லையாம். இங்கதான் இருக்கியாம், இங்கயும் வரி கட்டணுமாம்."

"சந்தோஷம்மா. அப்ப ஊர்ப் பிள்ளைங்களுக்குக் குடுக்கற உதவித்தொகை எனக்கு உண்டா?"

"கேக்காம இருப்பேனா? அது ஆபீஸ்ல வேற கவுண்டர் ஜன்னலாம். அந்த ஜன்னல்ல நீ ஊரை விட்டுப் போய் மூணு வருஷம் ஆச்சாம்."

செப்டம்பரில் மாரிட் படிப்பை நிறுத்திவிட்டாள். அவளுடைய முள்ளம்பன்றி மட்டும் இன்றுவரை ஆடுகிறது, இரண்டு மாநிலத்துக்கும் ஒழுங்காக வரிக்கணக்குக் காட்டிக்கொண்டு.

குறை சொல்லக் கூடாது. வாங்குகிற ஜன்னலில் எல்லாம் சொந்தப் பெண்ணாகவும், கொடுக்கிற ஜன்னலில் எல்லாம் யார் பெற்ற பிள்ளையோ என்றும் ஒருத்தியை வைத்திருப்பது ஒரே ஓர் அரசாங்கத்தால் ஆகிற காரியமா? அதற்குத்தான் அவளுக்கு இரண்டு கொடுத்திருக்கிறார்கள்.