சட்டமன்றத்துக்கு வராத மத்தியானம்

எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் மார்லிஸ் ஹோக்லண்டின் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை சபதம் எடுத்தேன்.

காரணம், கொள்கை. கொள்கை என்றால் வீட்டு வாசல் புல்தரை. தேர்தல் வந்தால் எங்கள் மினசோட்டா மாநிலத்தில் வாசலில் வேட்பாளர் பெயர்ப் பலகை நடுவோம். என் பலகை டுவெய்னுக்கு. என்னோடு பந்து உருட்டும் பௌலிங் ஆட்டம் ஆடுகிறவன், இந்த முறை மார்லிஸை எதிர்த்து நிற்கிறான். என் மனைவி பெர்னடீனின் பலகை மார்லிஸுக்கு. காலையில் நான் நட்டால் மத்தியானம் அவள் பிடுங்குவாள்.

"ஏங்க, மார்லிஸ் அப்படி என்னதான் தப்புப் பண்ணிட்டா?"

"அரசியல்வாதி. அது போதாதா?"

"டுவெய்ன் யாரு, துறவியா?"

"அவன் இன்னும் ஜெயிக்கலையே! ஜெயிச்சாத்தானே அரசியல்வாதி?"

"வெட்டிப் பேச்சு வேணாம். எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டா, தேர்தலுக்கு யார் யார் பணம் குடுத்தாங்க, எல்லாம் கம்ப்யூட்டர்ல கிடக்கு. ஒரே ஒரு கறை காட்டுங்க. உங்க பலகையே நிக்கட்டும்."

"காட்டலைன்னா?"

"என் பலகை. அதோட கொல்லையில நிக்குதே ஒரு தகரக் கொட்டகை, அதை வித்துடணும்."

அவள் அலட்சியமாகச் சொன்னது என் மீன்பிடிக் கொட்டகையை. குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதை இழுத்துப்போய் நடு ஏரியில் நிறுத்துவேன். பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்தால், "ஏங்க" என்று கூப்பிட ஆள் கிடையாது. உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அது. மார்ச் பிறந்தால் பனி இளகிவிடும், அப்புறம் ஏரியில் கால் வைக்கக் கூடாது என்று பெர்னடீன் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சத்தியம் தவறாதவன். பெரும்பாலும்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓட்டுகள் எனக்கு, நன்கொடைக்காரர்கள் அவளுக்கு.

மார்லிஸ் வேண்டுமென்றே ஒழுங்காக ஓட்டுப் போட்டிருந்தாள். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஆதரவு. ஏரியில் சாக்கடை விடுவதற்கு எதிர்ப்பு. இப்படி இருந்தால் ஒரு மனுஷன் எப்படிக் குறை கண்டுபிடிப்பது? பெர்னடீனோ சமையலறையில் உட்கார்ந்து நன்கொடைக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரிய முதலாளி எவனாவது சிக்கினானா?"

"இரும்புக் கடைக்காரர். சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவங்க. அப்புறம் நம்ம பல் டாக்டர் ரூட்."

"ரூட் கூடவா? துரோகி!"

"அவரோடதான் ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன். தங்கமான மனுஷன்."

அப்போதுதான் என் கண்ணில் பட்டது. மார்ச் இருபது, மத்தியானம். சாலை செப்பனிடும் மசோதா. மார்லிஸ் பெயருக்கு நேரே 'வரவில்லை'. நாற்காலியை விட்டுக் குதித்தேன்.

"ரோட்டுக்குப் பணம் ஒதுக்குற அன்னிக்கு ஆளையே காணோம்! சிக்கிட்டா!"

பெர்னடீன் வந்து தேதியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மார்ச் இருபதா? அது என்ன நாள்னு தெரியுமாங்க உங்களுக்கு?"

"தெரியாம என்ன? வெள்ளிக்கிழமை!"

"அடேங்கப்பா, என்ன மூளை! சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துல பான்கேக் விருந்து. மார்லிஸ் வருவா. ஊர் முன்னால நிக்க வச்சுக் கேளுங்க."

அவள் என்னை இப்படிப் பாராட்டி வெகுகாலம் ஆகிறது. அதிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். நானோ மேல்சட்டைக்கு இஸ்திரி போட்டேன்.

சனிக்கிழமை ஊரே அங்கே இருந்தது. மார்லிஸ் ஏப்ரன் கட்டிக்கொண்டு பான்கேக் திருப்பிக்கொண்டிருந்தாள். நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"மார்ச் இருபது, சாலை மசோதா! எங்க போயிருந்தீங்க?"

மார்லிஸ் முகம் மாறியது. "வேணாம் ஆர்வில். அதை விட்டுடுங்க."

"விட மாட்டேன்! மக்களுக்குத் தெரிஞ்சாகணும்!"

"சட்டசபைக்குக் கிளம்பிட்டுத்தான் இருந்தேன். நான் இந்த நிலையத்துல தன்னார்வலர் இல்லையா, அவசர அழைப்பு வந்துச்சு. ஏரியில பனி உடைஞ்சு ஒரு கொட்டகை மிதந்து போகுது, உள்ள ஆள் இருக்குன்னு…"

நாற்காலியின் முதுகை எட்டிப் பிடித்தேன். அன்று என்னையும் கொட்டகையையும் கயிறு கட்டிக் கரைக்கு இழுத்தவர்கள் எல்லோரும் கண் மட்டும் தெரிகிற மஞ்சள் உடுப்பில் இருந்தார்கள். யார் யாரென்று நான் கண்டேனா? மெல்ல இறங்கப் பார்த்தேன். பெர்னடீன் என் பெல்ட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இறங்காதீங்க. மக்களுக்குத் தெரிஞ்சாகணும். யாரு மார்லிஸ் அந்த ஆளு?"

"பேரைச் சொல்ல மாட்டோம்னு வாக்குக் குடுத்திருக்கோம், பெர்னடீன்."

"பேரு வேணாம். அந்த ஆளு என்ன சொன்னாருன்னு மட்டும் சொல்லு."

மார்லிஸ் பொய் சொல்லத் தெரியாதவள். அரசியலுக்கே லாயக்கில்லை.

"கரை வர்ற வரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'பெர்னடீன்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு."

எங்கள் ஊரில் ஒரே ஒரு பெர்னடீன்தான். தீயணைப்புக்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து பான்கேக்கைப் பார்த்தார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின.

காரில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"மார்ச் இருபது நம்ம கல்யாண நாள். விழுந்து விழுந்து சமைச்சு வச்சிருந்தேன். நீங்க நடுங்கிக்கிட்டே வந்து, 'ரூட் பல்லைப் புடுங்கிட்டாரு, ஒண்ணும் வேணாம்'னு படுத்துட்டீங்க. ரூட் உங்களைப் பார்த்து மூணு வருஷமாச்சாமே! அன்னிக்குத் தீயணைப்புக்காரங்க ஏரியில யாரையோ மீட்டாங்கன்னு ஊர்ல பேச்சு, தேதியைப் பார்த்ததுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"அது வந்து…"

"மார்லிஸ் அன்னிக்குச் சட்டசபைக்குப் போயிருந்தா, இன்னிக்கு நாற்காலி மேல ஏறிக் கேள்வி கேக்க நீங்க ஏது?"

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. உயிரைக் காப்பாற்றியவளையா ஊர் முன்னால் விரட்டினோம் என்று எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வீடு வந்ததும் மார்லிஸ் பலகையை நானே நட்டேன். நேராக நிற்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

மறுநாளே கொட்டகை போய்விட்டது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிக்கொண்டு போனவன் டுவெய்ன். அந்தப் பணத்தைப் பெர்னடீன் சல்லிக்காசு குறையாமல் மார்லிஸின் தேர்தல் நிதிக்கு அனுப்பிவிட்டாள், என் பெயரில்.

டுவெய்ன் இப்போது என்னோடு பௌலிங் ஆடுவதில்லை. மார்லிஸுக்குப் பணம் கொடுத்தது யார் யாரென்று தேடப் போனானாம். முதல் பெயரே என்னுடையது.