ஆறு பெட்டிகளை எறிய எழுத்துமூல அனுமதி

மன்னார்,
நவம்பர் 18.

அன்புள்ள தங்கச்சி மார்த்தாவுக்கு அண்ணன் எமில் எழுதுவது. மடு மாதாவின் தயவால் இங்கே நான் சுகம். இடது முழங்கால் மட்டும் மழையைப் பார்த்து நடந்துகொள்கிறது. ஓலைத்தொடுவாயில் நீயும், மருமகள் நிறஞ்சலாவும், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலமாயிருக்க மன்றாடுகிறேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நீ சொன்னதை மறக்கவில்லை. "அண்ணை, பிள்ளை பிறக்க முன்னம் அந்த அறை எனக்கு வேணும். கட்டிலுக்குக் கீழை கிடக்கிற உங்கடை ஆறு பெட்டியையும் பழைய பேப்பர்காரனிட்டைக் குடுக்கப்போறன். ஓமெண்டு எழுத்திலை தாங்கோ. இல்லாட்டி நாளைக்கு நான்தான் எறிஞ்சனான் எண்டு பேப்பரிலை போட்டுடுவியள்." நியாயமான கோரிக்கை. அந்தப் பெட்டிகளில் என் நிருபர் வாழ்க்கையின் முதல் பத்தொன்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஆனாலும் இந்த அனுமதியை எழுதுகிறேன். காரணத்தை ஒழுங்காகச் சொல்கிறேன், கேள்.

நான் இருந்து எழுதும் நஸாரின் அச்சகக் கந்தோரில் என் கொம்பியூட்டர் சென்ற மாதம் பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் போடத் தொடங்கியது. உள்ளே என் செய்திகள். பயந்துபோய் ஸீனத் ரீச்சரை அழைத்தேன். கணினிப் பாடம் படிப்பிப்பவர், மூன்று பிள்ளைகளின் தாய், ஒரு சொல்லைக்கூட வீணாக்காதவர். அவர் ஒரு சின்ன டிஸ்கில் கொண்டுவந்தது பிரதி எடுக்கும் மென்பொருள். அதுவும் தனியாக அல்ல, ஒரு முழுக் கொம்பியூட்டராக. வேர்ச்சுவல் மெசின் என்கிறார்கள். வீட்டில் ஓர் அறைக்குத் தனி வாசல், தனிக் குசினி, தனி மின்மானி எல்லாம் ஆயத்தமாக வைத்து வாடகைக்கு விடுவதில்லையா, அதுபோல நஸாரின் மற்றக் கொம்பியூட்டருக்குள் இது வந்து குடியிருக்கும். எல்லாம் முன்கூட்டியே பொருத்தப்பட்டது. ஏற்றி, நினைவகத்தில் பாதியைக் கொடுத்து, வலையமைப்பில் அதற்கென்று ஓர் இலக்க விலாசமும், கடவுச்சொல்லும், பிரதி எடுக்கும் நேரமும் சொன்னால் போதும். நான் ஒவ்வொரு வரிக்கும் ஏன், எதற்கு என்று கேட்டேன். "சேர், பேட்டி எடுக்கிறியளோ, வேலை செய்ய விடுறியளோ?" என்றார்.

விலாசத்தை நான் கொடுத்தேன். சுவரில் ஒட்டியிருந்த துண்டில் ஓர் இலக்கம் இருந்தது, அதைப் பிழையில்லாமல் வாசித்தேன். அது பிறிண்டரின் இலக்கம். அரை மணித்தியாலத்தில் ஓர் அஞ்சலிப் பிரசுரம் பாதி அச்சாகி நின்றது. கீரிக் கிராமத்திலிருந்து வந்த செத்தவீட்டுச் சனம் வாசலில் காத்துநிற்க, நஸார் உள்ளே பாய்ந்து வந்தான். "எமில் அண்ணை! உங்கடை விருந்தாளி என்ரை பிறிண்டரின்ரை விலாசத்திலை குடியேறிட்டார்! செத்த மனுசனுக்கு இன்னும் முகம் வரேல்லை!" ஸீனத் ரீச்சர் இலக்கத்தை மாற்றினார். முகம் வந்தது.

நேரத்தையும் நான்தான் தெரிவு செய்தேன்: தினமும் பகல் பன்னிரண்டு, கோயில் மணி அடிக்கும் நேரம், மறக்காது. ஆனால் அந்த மெசின் லண்டன் கிரீனிச் நேரத்தில் நின்றது எங்களுக்குத் தெரியாது. அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே பின்னேரம் ஐந்தரை. ஐந்தரைக்கு நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்தானே. மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிச்சை இறக்கிவிட்டு, கந்தோரைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடுவேன். ஒரு நாளும் பிந்தமாட்டன். பதினொரு நாள் அது வேலையைத் தொடங்க, பதினொரு நாளும் நான் அதன் கழுத்தை நெரிச்சுப்போட்டு வீட்டை போயிருக்கிறன்.

இங்கேதான், மார்த்தா, நான் தொப்பியைக் கழற்றினேன். மறுநாள் பார்க்க வந்த ஸீனத் ரீச்சர் அதன் நாட்குறிப்பைத் திறந்து காட்டினார். பதினொரு வரிகள். இத்தனையாம் திகதி தொடங்கினேன், இத்தனை மணிக்கு இடைநின்றேன், பிரதி முடியவில்லை. ஒளிப்பு மறைப்பு இல்லை, புலம்பல் இல்லை. எத்தனை கூட்டங்களுக்குப் போகாமல் போனதாக எழுதிய நிருபர்களை நான் பார்த்திருக்கிறேன்! நடக்காததை நடக்கவில்லை என்று தினமும் எழுதிய நிருபரை இப்போதுதான் கண்டேன். சுவிச்சை இறக்கியவர் யார் என்று மட்டும் அது போடவில்லை. அந்த மரியாதையையும் மறக்கமாட்டேன்.

நேரத்தைக் கொழும்புக்கு மாற்றி, முதல் பிரதி முழுதாக முடிந்தபின் ஸீனத் ரீச்சர் ஒரு காரியம் செய்தார். உங்கள் ஊர்க் கரைவலை மீனவர் யார் எந்த நாளில் வலை போடுவது என்ற முறையைப் பற்றி நான் நாலு மாதம் அலைந்து எழுதிய தொடரை என் கண் முன்னாலேயே அழித்தார். நான் கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினன். முழங்கால் நொந்தது பிறகுதான் தெரியும். "அழிச்சுப் பாக்காமல் பிரதி இருக்கெண்டு எப்பிடி நம்புறது சேர்? நீங்கள் விசாரிக்காமல் செய்தி போடுவியளோ?" நாலு நிமிடத்தில் தொடர் முழுவதும் திரும்பி வந்தது, ஒரு கால்புள்ளிகூடக் குறையாமல்.

ஆகவே, என் முப்பத்தொரு ஆண்டுச் செய்திகளும் பத்திரமாக இருப்பதால், ஆறு பெட்டிகளையும் பழைய பேப்பர்காரனிடம் கொடுப்பதற்கு எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை என இத்தால் உறுதிப்படுத்துகிறேன். நிறஞ்சலாவின் நெற்றியில் என் சார்பாகச் சிலுவை போட்டுவிடு. பிறக்கப்போகும் பிள்ளைக்கு இந்த மாமாத் தாத்தாவின் ஆசீரும், அறையும்.

இப்படிக்கு,
அண்ணன் எமில்

பி.கு.: எதையும் வெளியிடமுன் சம்பந்தப்பட்டவரிடம் சரிபார்ப்பது என் வழக்கம். இந்தக் கடிதத்தை ஸீனத் ரீச்சரிடம் காட்டினேன். எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கடைசியில் கேட்டார்: "பெட்டியிலை இருக்கிறதுகளை எப்ப சேர் கொம்பியூட்டரிலை ஏத்தினனீங்கள்?" நான் யோசித்தேன். கொம்பியூட்டர் வந்தது நான் நிருபரான இருபதாம் ஆண்டில். அதற்கு முன்னான பத்தொன்பது ஆண்டும் கையால் எழுதிய தாள்; ஒன்றையும் நான் ஏற்றவேயில்லை. "மெசின் நீங்கள் குடுத்ததைத்தான் பிரதி எடுக்கும் சேர். கட்டிலுக்குக் கீழை பாக்காது" என்றார். எனவே மேலே தந்த அனுமதி செல்லாது. பெட்டிகளை ஏற்ற நஸாரின் வான் உன் வாசலில் நிற்கிறது. அறை இன்றைக்கே உனக்கு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கையில் தருகிறேன். நீ இந்த வரிக்கு வரும்போது நான் உள்ளே போய் அந்தப் பெட்டிகளின்மேல் இருப்பேன். தேத்தண்ணியை அங்கேயே கொண்டுவா.