குவெட்டுக்கு வைத்த மஞ்சள்

ஒரே ஒரு வேலையைத் தவிர, வேறெந்த வேலையிலும் நான் இரண்டாவது ஆயுத பூஜையைப் பார்த்ததில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டபின் லாரி கிளீனர், சந்தாபுராவில் பரோட்டாக் கடை, கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு (அது வேலையல்ல, வீடு). அப்படியே பெங்களூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்து சேர்ந்தேன்.

அங்கே அல்சூர் பக்கத்து ஸ்டெல்லா அக்கா, டாக்டர் பட்டத்துக்காக ஓர் அமிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதுவும் என்னைப் போலத்தான், எங்கேயும் தங்காது. தண்ணீரில் போட்டால் சில நிமிஷத்தில் சிதைந்துவிடும். அதற்குள் அதைப் புளிப்பிலிருந்து சோப்புத் தண்ணீர் மாதிரியான காரம்வரை பல கரைசல்களில் கலந்து, குவெட் என்கிற சதுரக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, ஸ்பெக்ட்ரோ மெஷினில் வைத்து, எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதிலிருந்து அமிலத்தின் வலிமைக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண் வந்தால்தான் பட்டம். மாதக்கணக்கில் தயாரித்ததில் கடைசிச் சிட்டிகை ஐஸில் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது.

"மெஷினுக்குப் பொட்டு வைக்கட்டுமாக்கா?"

"வைப்பா. பூ மட்டும் உள்ள விழாம பாத்துக்க."

வைத்தேன். பிறகுதான் தோன்றியது, நிஜமாக உழைப்பது குவெட்டுகள் அல்லவா? அவற்றை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்துக் கும்பிட்டேன். மறுநாள் சும்மா தண்ணீரில் அலசி வைத்தேன். (சோப்புப் போட்டால் சாமி குத்தமாகிவிடுமே!)

அக்கா கடைசிச் சிட்டிகையையும் கலந்தார். காரக் கரைசல் ஊற்றிய குவெட்டுகள் செக்கச்செவேலென்று ஆயின.

"டேய், சிவக்குதுடா! இத யாருமே பாத்ததில்லடா!"

நானும் கைதட்டினேன். மைசூர்க்காரரான புரொபசர் ஓடி வந்தார். குவெட்டைப் பார்த்தார். மெஷின்மேல் இருந்த பொட்டைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நோடி, இங்க பாரு ஸ்டெல்லா, சாம்பார் கறைமேல சோப்பு பட்டா இப்டித்தானே சிவக்கும்? இது உன் ஆசிட் இல்லம்மா. மஞ்சள்!"

நான் சத்தமில்லாமல் பையை எடுத்தேன். எனக்கு நன்றாக வந்த ஒரே வேலை அது.

"எங்கடா கிளம்பற?" அக்காவின் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "முதல்லேர்ந்து செய்யணும். குப்பியெல்லாம் யாரு கழுவுவா, உங்கப்பனா?"

தங்கினேன். எண் வந்து சேர்வதற்குள் இன்னொரு ஆயுத பூஜையும் வந்துபோனது. அன்று மட்டும் குவெட் அலமாரிக்குப் பூட்டு.

இன்றும் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. கை கழுவும்போது, விரலில் ஒட்டிய குழம்பு சோப்பு பட்டுச் சிவக்கும். உள்ளேயிருந்து அக்காவின் அம்மா குரல் கொடுப்பார்:

"தம்பி, ரீடிங் எடுத்துட்டுக் கழுவுப்பா!"